பச்சைச் சந்தனம்

அக்டோபர் 9

தளக் குறிப்பேடு தனியாக இருக்கிறது. பக்க எண் போட்டது. தினமும் கையெழுத்து வைக்க வேண்டியது. இது அதுவல்ல. கையெழுத்து வைக்க முடியாத விஷயங்களுக்காக வாங்கிய நோட்டு.

இரண்டாம் சுரங்கம் 412ஆவது மீட்டரில் பிளவைத் தொட்டுவிட்டது. இருபுறமும் கெட்டியான கரும்பாறை, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை மாவு. மலையின் இரண்டு துண்டுகள் எந்தக் காலத்திலோ ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்தபோது இடையில் அரைபட்டது அது. இருபத்தேழு பாகைச் சரிவில் கூரைக்குக் குறுக்கே ஏறிப் போகிறது. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பாறைத் துண்டு, என் கணக்கில், தொள்ளாயிரம் டன்.

சுரங்க ஆட்களுக்கு அது பிளவு இல்லை, பச்சைச் சந்தனமாம். புதுப் பட்டை தட்டுப்பட்டால் ஆளுக்கொரு விரல் தொட்டுத் தலைக்கவசத்தில் மூன்று கோடு இழுத்துக்கொள்வது வழக்கம். முதல் ஷிப்ட் போர்மேன் சகாயம் என் கவசத்திலும் இழுத்துவிட்டார். குமரி மாவட்டத்துக்காரர், வயது நாற்பது, முகாமில் எனக்கு அறைத் தோழர். எம்.டெக் படித்தவன் களிமண் பூசிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கைக்குட்டையால் துடைத்தேன். அவர் சிரித்தார். "தொடச்சா போவாது சாரே. வழுக்கும், அவ்வளவுதான்."

திட்டத் தலைவர் திருவேங்கடம் சாருக்குச் சனிக்கிழமைக்குள் அந்த மாவின் உராய்வு எண் வேண்டும், அதாவது மேல் பாறையை அது எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பது. கூரையைத் தாங்கும் இரும்பு வளைவை முக்கால் மீட்டருக்கு ஒன்று நிறுத்துவதா, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். சனிக்கிழமைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 10

முறைப்படி செய்தால் மாதிரியைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிட்டுப் பிறகு பெட்டியில் வைத்து நகர்த்தி அளக்க வேண்டும். மூன்று நாள் எங்கே இருக்கிறது?

ஆய்வக உதவியாளர் பர்வீனிடம் நூற்றுப்பத்து டிகிரியில் ஓவனில் போடச் சொன்னேன். இங்கே வருவதற்கு முன் பொள்ளாச்சியில் ரோட்டு வேலை ஆய்வகத்தில் இருந்தவர். அங்கே எந்த மண் வந்தாலும் முதலில் ஓவன், அப்புறம் இடி, அப்புறம் சல்லடை. கை தானாகவே ஓவன் கதவுக்குப் போகிறது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஊற வைக்கணுமுங்களா சார்?" சுரங்கத்தில் அது காய்ந்துதானே கிடக்கிறது என்றேன். தலையாட்டினார்.

துணி துவைத்தேன். இந்த மலையில் காய மூன்று நாள் ஆகிறது.

அக்டோபர் 12

0.57.

சாதாரணப் பாறை 0.6க்கு மேல் தரும். அதோடு பார்த்தால் இது கொஞ்சம்தான் குறைவு. இதன்படி முப்பது பாகைச் சரிவு வரை மேல் பாறை தானாகவே நிற்கும். நம் சரிவு இருபத்தேழு. ஒன்றரை மீட்டர் போதும்.

படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு கட்டம் தவிர எல்லாமே நேரடியானவை. அந்தக் கட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. திருவேங்கடம் சார் தோளில் தட்டினார்.

அக்டோபர் 14

ஒரே நாளில் மூன்று மீட்டர் முன்னேற்றம். பிளவுக்கு அடியில் வளைவுகள் நின்றுவிட்டன. பாறையைத் தைத்து இரும்புத் தட்டு வைத்துப் போல்ட்டும் முறுக்கியாயிற்று. இனி ஒவ்வொரு ஷிப்டிலும் பதினான்கு பேர் அதைக் கடந்து உள்ளே போவார்கள். அதற்கு அப்பால் வேறு வழி கிடையாது. சுரங்கத்துக்கு வாய் ஒன்றுதான்.

கூரை கொஞ்சம் முணங்குகிறது என்று உதவி போர்மேன் புகார் சொன்னாராம். சகாயம் அவரை அடக்கிவிட்டதாகச் சாப்பாட்டு வேளையில் என்னிடம் சொன்னார். "எஞ்சினியர் சார் பெட்டியில வச்சு அளந்திருக்காருலே, நீ காதுல அளக்கியா-ன்னு கேட்டேன்."

சரியான கேள்வி என்று நினைத்தேன்.

அக்டோபர் 18

கனிமங்களைப் பிரித்தறிய வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியின் எக்ஸ்ரே அறிக்கை வந்தது. குளோரைட் முப்பத்தொன்று சதவீதம். மாக்கல், அதாவது டால்க், பதினான்கு. ஸ்மெக்டைட் முப்பத்தெட்டு.

ஸ்மெக்டைட் என்றால் தண்ணீரைக் குடித்து உப்பும் களிமண். அதன் தாள் தாளான அடுக்குகளுக்கிடையே தண்ணீர் புகுந்தால் அவை ஒன்றையொன்று பிடிக்காது. ஒரு மலையை நகரவிடுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் தேவையில்லை, இந்த மாவு ஒரு சாண் இருந்தால் போதும். இரண்டாம் வருடத்தில் படித்ததுதான். தேர்வில் எழுதியும் இருக்கிறேன்.

ஆனால் பட்டை காய்ந்து கிடக்கிறது. காய்ந்ததைக் காய்ந்தபடி அளந்தேன். அதில் தப்பில்லை.

அறிக்கையைக் கோப்பில் வைத்துவிட்டேன். மேலே அனுப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையிலிருந்து மழை.

அறை ஜன்னலின் விளிம்புச் சிமெண்டு கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்வு. மழைநீர் உள்ளே வராதிருக்கக் கொத்தனார் வைத்த சாய்வு. மூன்று மாதமாக என் டீ கிளாஸை அதன்மேல்தான் வைக்கிறேன். ஒரு நாளும் நகர்ந்ததில்லை. மாதிரியில் மிஞ்சிய கட்டி ஒன்றும் அங்கேயே கிடந்தது. ஓவனில் காய்ந்த கட்டி, பிஸ்கட் மாதிரி இருந்தது. சாரல் பட்டு அது இளகிப் பரவியிருந்ததை நான் கவனிக்காமல் கிளாஸை அதன்மேல் வைத்தேன்.

கிளாஸ் போனது. தட்டிவிட்டது போல் இல்லை. யாரோ கூப்பிட்டது போல் மெதுவாக, நேராக, விளிம்பு வரை போய் விழுந்தது.

சகாயம் கட்டிலில் படுத்தபடி "பேயாக்கும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். உப்பி இரண்டு மடங்காகியிருந்தது. சோப்பை விட மோசமாக வழுக்கியது.

பொறுக்கும்போது கண்ணாடிச் சில்லு கையில் கீறியது. கீறலைக் கழுவினால் வலிக்கும் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அக்டோபர் 21

மழை. முதல் வேலையாக உள்ளே போனேன். 412இலிருந்து 420 வரை கூரையில் வடிதாளை ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. 418இல் மட்டும் தாளின் ஒரு மூலை கறுத்தது. வியர்வையாக இருக்கலாம்.

ஆய்வகத்தில் ஒரு மாதிரியைத் தண்ணீரில் போட்டிருக்கிறேன். முறைப்படி. பர்வீன் பார்த்தார்.

அக்டோபர் 22

சுரங்கத்தின் இரு சுவர்களிலும் ஆணி அடித்து, இடைத்தூரத்தை நாடா வைத்து அளப்போம். மலை நெருக்கினால் தூரம் குறையும். 416இல் 1.1 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. நாடாவை இறுக்கி இழுத்தால் அளவு கொஞ்சம் குறையும். அதுவாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 23

1.9. இழுப்பு அதேதான்.

அக்டோபர் 24

0.17.

இரண்டு தடவை செய்தேன். இரண்டாவது 0.16.

பத்துப் பாகைக்கு மேல் நிற்காது. நம் சரிவு இருபத்தேழு. அப்படியானால் தொள்ளாயிரம் டன்னை இப்போது தாங்கிக்கொண்டிருப்பது ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் வளைவுகளும், போல்ட்டுகளும், மீதி எங்கெல்லாம் பட்டை இன்னும் நனையாமல் இருக்கிறதோ அந்த இடங்களும்தான். மழை நிற்கவில்லை.

முடிவுத் தாளை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

சாப்பிட முடியவில்லை. சகாயம் என் தட்டிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 25

2.6. 418இல் சொட்டுகிறது. ஒரு நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு.

சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். "புதிய தகவல் கிடைத்துள்ளது" என்று ஒன்று. "கூடுதல் பாதுகாப்புக் கருதி" என்று ஒன்று. எல்லாவற்றையும் படிப்பவன் முதலில் பழைய படிவத்தைத்தான் எடுப்பான். எடுத்தால் அந்தக் கட்டத்தைப் பார்ப்பான்.

அக்டோபர் 26

3.4. பதினோரு சொட்டு.

அக்டோபர் 27, தீபாவளி

முகாமில் விடியற்காலையிலிருந்து வெடி. ஒவ்வொன்றுக்கும் மலையைப் பார்த்தேன்.

சகாயத்தின் ஆட்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அதனால் அவர்களுக்குத்தான் இன்று ஷிப்ட். பத்தே முக்காலுக்கு 417இல் ஒரு போல்ட் அறுந்து இரும்புத் தட்டு பறந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் யாரோ வெடி கொண்டுவந்து கொளுத்தியதாக நினைத்துத் திட்டினார்களாம். தட்டு சகாயத்தின் இடது காதின் மேல் விளிம்பைச் சீவிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு விரல் உள்ளே வந்திருந்தால் மண்டை.

ஜீப்பில் அடிவாரத்து மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஏழு தையல். வழியெல்லாம் அவர் என்னைத் தேற்றினார். போல்ட் பழுதான சரக்காயிருக்கும், கம்பெனிக்காரன் ஏமாற்றியிருப்பான், நீங்கள் கணக்கில் சரியாகத்தான் போட்டிருப்பீர்கள், முகத்தை இப்படி வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். காதைப் பொத்தியிருந்த துணி முழுக்க ரத்தம். அப்போதே சொல்லியிருக்கலாம். ஜீப் ஓட்டுநர் இருந்தார் என்று சொல்லிக்கொள்கிறேன். ஓட்டுநருக்குத் தமிழே தெரியாது.

அக்டோபர் 28

4.8.

பர்வீன் ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றார். கையில் ஓவன் பதிவேடு. பத்தாம் தேதி வரியைக் காட்டினார். 'பச்சை மாதிரி, 110 டிகிரி, இருபது மணி நேரம்.' கீழே அவர் கையெழுத்து.

"இதுல காஞ்சுதுன்னு இருக்குதுங்க. உங்க படிவத்துல நிறை ஈரம்னு இருக்குதுங்க. ரெண்டுல ஒண்ணு பொய்யி."

நான் அவர் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ரது பொய்யில்லைங்க சார்."

ஊறவைத்துச் செய்த சோதனையையும் அவர் கவனித்திருக்கிறார். எண் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, நாளை சாயங்காலம் வரை பார்ப்பதாகவும், அதன்பின் பதிவேட்டைத் தானே மேலே கொண்டுபோவதாகவும் சொன்னார். அவருக்கும் இந்த வேலை வேண்டும்.

எழுதிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் 'சோதனையின்போது மாதிரியின் நிலை' என்று இருந்தது. நான் 'நிறை ஈரம்', அதாவது முழுக்க ஊறியது, என்று எழுதினேன். அப்படி எழுதாவிட்டால் படிவம் திரும்பி வரும், சனிக்கிழமை தவறும். அவசரத்தில் கை தவறியதல்ல. பேனாவை ஒரு நிமிடம் கையில் பிடித்திருந்துவிட்டு எழுதினேன்.

அக்டோபர் 29

காலை ஏழரைக்குத் திருவேங்கடம் சார் மேஜையில் மூன்று தாள்களை வைத்தேன்: எக்ஸ்ரே அறிக்கை, 0.17, ஆணி அளவுகள். வாயாலும் சொன்னேன். அவர் படித்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

ஆய்வகத்தில் தொட்டியில் ஊறவைத்தால் எந்த மண்ணும் வழுக்கும், மலைக்குள் அப்படியா இருக்கிறது என்று ஆரம்பித்தார். இரண்டு வாரமாக நான் எனக்கே சொல்லிக்கொண்ட அதே வாக்கியம். அடுத்தவர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு மட்டமானது என்று தெரிந்தது. நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு சார் என்றேன். அவர் போனை எடுத்து உள்ளே இருப்பவர்களை வெளியே வரச் சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன். அதன்பின் என்னைச் சொன்னதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. வேலை முடியும் வரை இரு, அப்புறம் விசாரணை என்றார்.

தளக் குறிப்பேட்டில் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்துக்கு எதிரே நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

சகாயம் சுரங்க வாசலில் நின்றிருந்தார், காதில் கட்டோடு. நானே போய்ச் சொன்னேன். பதினான்கு பேரும் கேட்டார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இப்போ எத்தன?"

"0.17."

"மொதல்ல எத்தன சொன்னிய?"

"0.57."

அவருக்கு அந்த எண்களின் அர்த்தம் தெரியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டது. மெதுவாக விரல்விட்டு நாள் எண்ணினார்.

"பதினேழு நாளு. ஒம்ம கையெழுத்துக்க அடியிலயாக்கும் நாங்க போயிற்று வந்தது."

சாரே என்று சொல்லவில்லை. அறைக்கு வந்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியைக் காணோம். ஆட்கள் படுக்கும் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 30

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

தீரவில்லை. பாறை அப்படியே இருக்கிறது. இருக்கும் வளைவுகளுக்கு நடுவில் இன்னும் பதினொன்று நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் சுரங்கத்துக்குள் இறங்கி, மேலே உள்ள ஓடையும் உள்ளே வரும். அதை நிறுத்தப் போவதும் இதே ஆட்கள்தான். முன்பு தெரியாமல் போனார்கள். இனி தெரிந்து போக வேண்டும்.

பதினான்கு பேரில் ஐந்து பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேர் சகாயத்தைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அளவை இனி யார் பார்ப்பது என்றார். நான் என்றேன். எங்கிருந்து என்றார். பிளவுக்கு அடியிலிருந்து, வேலை நடக்கும் நேரம் முழுக்க என்றேன். அப்படிச் சொல்ல வேண்டுமென்று நினைத்து வரவில்லை. வாயில் வந்துவிட்டது.

அக்டோபர் 31

ஆறு மணி நேரம் அடியில் நின்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடாவை இழுத்து எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் விசில். இரண்டு வளைவு முடிந்தது.

சத்தங்கள்: தண்ணீர். வெல்டிங். இரண்டும் நிற்கும்போது மேலே இருந்து அரிசி கொட்டுவது போல் ஒன்று. காதால் அளக்கிறாயா என்று சகாயம் கேட்டாரே, அந்த உதவி போர்மேன் சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

நவம்பர் 1

மூன்று வளைவு. 6.1. வாந்தி எடுத்தேன், வெளியே வந்த பிறகு.

நவம்பர் 2

விசில் ஊதினேன். நாலே முக்கால் நிமிடத்தில் 0.6. எல்லோரும் ஓடினோம். பிளவின் வெளிப்பக்கம் நாற்பது மீட்டர் தள்ளி நின்று ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். எதுவும் விழவில்லை.

"இது நெசமா, இல்ல இதும் காய வச்சதா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதது நானும் சகாயமும்தான். பிறகு அவர்தான் முதலில் உள்ளே நடந்தார்.

நவம்பர் 3, ஞாயிறு

இரண்டு வளைவு. 7.9. புதிதாக நிறுத்தியவற்றில் நான்காவது லேசாக வளைந்திருக்கிறது. அதாவது பாறை அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. நாம் வைக்காமல் இருந்திருந்தால் எதன்மேல் உட்கார்ந்திருக்கும் என்று எண்ணக் கூடாது என்று எண்ணுகிறேன்.

நவம்பர் 5

பதினொன்றும் முடிந்தது. 9.2.

நவம்பர் 6

9.3.

நவம்பர் 7

9.3.

நாடாவை மூன்று தடவை இழுத்தேன். கூட்டத்தில் ஒருவர் கேட்டார், சொன்னேன். நம்பவில்லை. நாடாவின் மறுமுனையைத் தானே பிடித்து, எண்ணைத் தானே படித்துப் பார்த்துக்கொண்டார். அதில் எனக்குக் கோபமில்லை. முன்பு வந்திருக்கும்.

நவம்பர் 9

விசாரணைக்குப் பதினெட்டாம் தேதி வரச் சொல்லிக் கடிதம். வேலை போகும். போகட்டும் என்று எழுத வருகிறது, ஆனால் அது நிஜமில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பர்வீன் ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: 'கேட்டுவிட்டுப் போடவும்.' யாரைக் கேட்டு என்று எழுதவில்லை.

பதினோரு மணிக்குச் சகாயம் ஆய்வகத்துக்கு வந்தார். தையல் பிரித்துவிட்டார்கள், காதின் மேல் ஓரம் நேர்கோடாக இருக்கிறது. மேஜையில் ஒரு பையை வைத்தார். ஈரத் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை, வாயில் இறுக்கிய முடிச்சு. நனைந்து குளிர்ந்திருந்தது. முன்னால் 431ஆவது மீட்டரில் இன்னொரு பட்டை தட்டுப்பட்டிருக்கிறது. இது கறுப்பு. தலைக்கவசத்தில் யாரும் கோடு இழுக்கவில்லையாம்.

வேறு ஆள் வரும் வரை காத்திருக்கலாமே என்றேன். வருபவன் எப்படிப்பட்டவன் என்று யாருக்குத் தெரியும் என்றார். பிறகு பையை என் பக்கம் ஒரு விரலால் தள்ளினார்.

"காய வைக்காண்டாம், கேட்டீரா."

"மூணு நாள் ஆகும்" என்றேன்.

"ஆகட்டு. நாங்க வெளிய இருக்கோம்."

போய்விட்டார். ஜன்னல் வழியே பார்க்கிறேன். சுரங்க வாயில் ஒன்பது பேரும் கவிழ்த்த இரும்புத் தொட்டிகளின்மேல் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள். மழை விட்டிருக்கிறது.

மண்ணைத் தண்ணீரில் வைத்துவிட்டேன். படிவத்தை இன்னும் எடுக்கவில்லை. அதை எடுப்பது பன்னிரண்டாம் தேதி, மண் ஊறிய பிறகு.